நெகடிவ் ரிப்போர்ட்டும் ஆத்தாவின் இருமலும்

மக்களே, முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க. ப்ராபபிலிட்டி பேப்பர்ல பாஸ் ஆனவங்களுக்கும், இன்னும் அரியர் வெச்சிருக்கறவங்களுக்கும் தெரிஞ்ச கணக்குதான்.

ஒரு நீரில் மில்லிக்குச் சராசரியாக ஒரே ஒரு கிருமி மிதக்கிறது. அதிலிருந்து ஒரு மில்லி எடுக்கிறீர்கள். எடுத்த சாம்பிளில் கிருமி ஒன்றுகூட இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு? பாய்சான் சூத்திரத்தில் போட்டால் கிட்டத்தட்ட 37 சதவீதம். ரெண்டு மில்லி எடுத்தால் 13.5 சதவீதம். ஆறு மில்லி எடுத்தால் கால் சதவீதம்தான். உலகத்திலேயே சிறந்த மெஷினை வாங்கி வைத்தாலும் சரி, டியூபுக்குள் வந்து சேராத கிருமியை அதால் பார்க்க முடியாது.

இப்போ அந்த நீர், ஐந்து மாதக் குழந்தையின் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் உடம்பில் அந்த நீர் சுமார் 150 மில்லி இருக்கும். கைக்குழந்தைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆறு மில்லி எடுக்க எந்த டாக்டருக்கும் கை வராது. ஒன்றிரண்டு மில்லியை எடுத்து, செல் கவுண்ட்டுக்குக் கொஞ்சம், சர்க்கரை, புரதத்துக்குக் கொஞ்சம், கல்ச்சருக்குக் கொஞ்சம் என்று பிரித்தால் மிச்சம் என்ன இருக்கும்? கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயைக் கண்டுபிடிப்பதில் உள்ள தலைவலி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை ஏன் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மின்னிதழில் எழுதுகிறாய் என்று கேட்கலாம். ரெண்டு காரணம். ஒண்ணு, நம்ம பாடத்தில் வர்ற சாம்பிளிங், டிடெக்ஷன் லிமிட், ஃபால்ஸ் நெகடிவ் எல்லாம் உயிரோடு விளையாடுகிற இடம் இது. இன்னொண்ணு, நான் வெள்ளகோவில்காரன். தறிச் சத்தத்துலயே தூங்கி வளர்ந்தவன். எங்க பக்கத்துல இருமலுக்கு எப்பவும் ஒரு ரெடிமேட் பதில் இருக்கும். அதைக் கடைசியில் சொல்றேன்.

கரூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவில், திருச்சி–கோவை ரோட்டில் இருக்கிற ஊர் வெள்ளகோவில். அங்கே லைன் வீட்டில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா விசைத்தறியில் நைட் ஷிப்ட். அம்மா வீட்டில் கைக்குழந்தையோடு. ஆத்தா முன்பு ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். மருமகள் சமைக்கிற நேரத்தில் பேரனை மடியில் போட்டுத் தாலாட்டுகிறவர் அவர்தான். குழந்தைக்கு ஐந்து மாதம். ஒரு நாள் லேசாகக் காய்ச்சல். பால் குடிக்க மாட்டேன் என்கிறது. ரெண்டு தடவை வாந்தி.

பெரியவர்களுக்கு மூளை உறையில் அழற்சி வந்தால் தலைவலி என்று சொல்வார்கள், கழுத்து விறைத்துப்போகும். குழந்தையால் தலைவலி என்று சொல்ல முடியாது. கழுத்தும் பெரும்பாலும் விறைக்காது. மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாமல் இருப்பதால் உள்ளே ஏறுகிற அழுத்தத்துக்கு மண்டை கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகிறது. அதனால் தெரிவதெல்லாம் சிணுங்கல், சோர்வு, வாந்தி, எடை ஏறாமை. பக்கத்து வீட்டு அக்கா ‘சீர் தட்டியிருக்கும்’ என்பார், இன்னொருவர் ‘உரம் விழுந்திருக்கும், எடுத்து விட்டாச் சரியாப் போயிரும்’ என்பார். பல் முளைக்கிற காய்ச்சல் என்று சொல்லவும் ஆள் இருக்கும். டாக்டரிடம் போனாலும் முதல் நாள் பார்க்கிறவருக்கு இது ஆயிரம் சாதாரண வைரஸ் காய்ச்சல்களில் ஒன்றாகத்தான் தெரியும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சிக்னல் அவ்வளவு பலவீனம், நாய்ஸ் அவ்வளவு அதிகம்.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. பெரியவர் ஒருவர் இருமும்போது காற்றில் கலந்த கிருமி குழந்தையின் நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து சில கிருமிகள் மூளைப் பக்கம் ஒதுங்குகின்றன. மூளையின் மேற்பரப்பிலோ உறையிலோ கடுகளவு ஒரு கட்டியாகச் சும்மா உட்கார்ந்திருக்கும். அது உடைந்து அந்த நீருக்குள் கொட்டும்போதுதான் நோய் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்னால்ட் ரிச், ஹோவர்ட் மெக்கார்டாக் இருவரும் 1933-இல் பிரேதப் பரிசோதனைகளை வைத்து இதைச் சொன்னார்கள். இன்றைக்கும் அந்தக் கட்டிக்கு ‘ரிச் ஃபோக்கஸ்’ என்றுதான் பெயர்.

உடைந்த பிறகு மூளையின் அடிப்பகுதியில் கூழ் மாதிரி ஒன்று படிகிறது. அது நீர் ஓடும் வழியை அடைக்கும். நீர் தேங்கித் தலை பெருக்கும். அந்த வழியாகப் போகிற ரத்தக் குழாய்களும் வீங்கிச் சுருங்கும். அதனால் கைக்குழந்தைக்குப் பக்கவாதமே வரலாம். பிளம்பிங் பிரச்சினையும் சப்ளை பிரச்சினையும் ஒரே நேரத்தில், அதுவும் மூளைக்குள்.

வயது இதில் ரொம்ப முக்கியம். தடுப்பூசியும் மருந்தும் வருவதற்கு முந்தைய காலத்துப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு வயதுக்குள் காசநோய்த் தொற்று ஏற்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயாக மாறியது தெரிந்தது. 10 முதல் 20 சதவீதம் பேருக்கு அது மூளைக்கோ உடம்பு முழுவதுமோ பரவியது. தொற்று ஏற்பட்ட பெரியவர்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்தே பத்தில் ஒருவருக்குத்தான் நோய் வரும். குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை.

புதிதாகப் பிறந்த சிசுவுக்கே காசநோய் இருக்க முடியுமா என்றால், அபூர்வமாக முடியும். தாயின் நஞ்சுக்கொடி வழியாகவோ, பிரசவ நேரத்தில் கிருமி கலந்த நீரைச் சிசு உள்ளே இழுத்துக்கொள்வதாலோ வரும். முதல் சில வாரங்களில் மூச்சுத் திணறல், காய்ச்சல், கல்லீரல் வீக்கம் என்று காட்டும். பார்ப்பதற்குச் சாதாரண பாக்டீரியத் தொற்று மாதிரியே இருக்கும். வழக்கமான ஆன்டிபயாடிக்கிற்கு மட்டும் அடங்காது. வேடிக்கை என்னவென்றால், பல நேரங்களில் குழந்தைக்குக் கண்டுபிடித்த பிறகுதான் தாய்க்கு நோய் இருப்பதே தெரியவரும்.

சரி, நம்ம வெள்ளகோவில் குழந்தைக்கு வருவோம். காய்ச்சல் ஒரு வாரம் தாண்டிவிட்டது. இப்போது டாக்டர் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கிறார். அழாமல், நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் அது புடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ஒரு டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளக்கிறார். திருப்பூர் பக்கம் எந்த வீட்டிலும் கிடக்கிற அதே மாதிரி டேப்தான். பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 34, 35 சென்டிமீட்டர். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் போல வளரும், அடுத்த மூன்று மாதம் ஒரு சென்டிமீட்டர். போன மாத அளவு தடுப்பூசி அட்டையில் இருந்தால், இந்த மாத ஏற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு ஒற்றை அளவு எதையும் சொல்லாது, சரிவுதான் சொல்லும். நாம கிராஃப் ஷீட்டில் ஸ்லோப் எடுப்போமே, அதேதான்.

உச்சிக்குழி இன்னொரு விதத்திலும் உதவுகிறது. எலும்பு மூடாத அந்த இடம் அல்ட்ராசவுண்டுக்கு ஒரு ஜன்னல். அதன்மேல் கருவியை வைத்தால் உள்ளே நீர்க்குழிகள் பெருத்திருக்கின்றனவா என்று கதிரியக்கம் இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல், கட்டில் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். வளர்ந்த பிறகு இந்த வசதி கிடையாது. சிடி அல்லது எம்ஆர்ஐ-தான். மூளையின் அடிப்பகுதியில் அந்தக் கூழ்ப் படிவையும் ரத்த ஓட்டம் நின்ற இடங்களையும் காட்ட எப்படியும் அந்த ஸ்கேன்கள் வேண்டும்.

பிறகு வருகிறது எல்லோரும் பயப்படுகிற சோதனை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது. ‘முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிரும்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹெய்ன்ரிச் குவின்கே 1891-இல் எழுதி வைத்த முறை இது. தண்டுவடம் முதுகெலும்பு முழுக்க ஓடுவதில்லை. சிசுவுக்கு அது இடுப்பெலும்புகளில் மூன்றாவது வரை வந்து நின்றுவிடும். ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே வால் முடி மாதிரி மிதக்கிற நரம்பு இழைகள் மட்டும்தான். ஊசி வந்தால் அவை விலகிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை ஒரு அப்பாவுக்குப் படம் போட்டுக் காட்டினால் போதும். பல நேரங்களில் தாமதம் சோதனையால் இல்லை, இந்தப் பயத்தால் வருகிறது.

எடுத்த நீர் தெளிவாக இருக்கும். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால் சில சமயம் டியூபுக்குள் சிலந்தி வலை மாதிரி ஒரு படலம் கட்டும். லிம்போசைட் அணுக்கள் கூடியிருக்கும், புரதம் ஏறியிருக்கும், சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கும் கீழே போயிருக்கும். இவையெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். ஆனால் எதுவும் ‘இது காசநோய்தான்’ என்று கையெழுத்துப் போடாது.

கையெழுத்துப் போட வேண்டியது கிருமி. அதைத் தேட மூன்று வழி. மைக்ராஸ்கோப்பில் தெரிய மில்லிக்கு ஆயிரக்கணக்கில் கிருமி வேண்டும். இங்கே அவ்வளவு இருக்காது. வளர்த்துப் பார்க்கலாம் என்றால், ஈ.கோலை மாதிரி 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிற கிருமி இல்லை இது. ஒரு தடவை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் ‘வளரவில்லை’ என்று எழுத 42 நாள் காத்திருக்க வேண்டும். குழந்தையால் 42 நாள் காத்திருக்க முடியாது.

மூன்றாவதுதான் நம்ம ஆட்களுக்குப் பிடித்தது: சிபிநாட். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ். அதற்குள்ளேயே சின்ன அறைகள், சுழலும் வால்வு, பம்ப். அல்ட்ராசவுண்டால் கிருமியை உடைத்து, அதன் டிஎன்ஏவை பிசிஆர் முறையில் பெருக்கி, ஒளிரும் மூலக்கூறுகளால் அடையாளம் காட்டும். ரெண்டு மணி நேரத்துக்குள் ரிசல்ட். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதும் கூடவே தெரியும். பழைய கார்ட்ரிட்ஜுக்கு மில்லிக்கு நூறுக்கு மேல் கிருமி தேவைப்பட்டது. 2017-இல் வந்த ‘அல்ட்ரா’ அதை 16 அளவுக்குக் குறைத்தது. பிரமாதமான இன்ஜினியரிங். ஆனால் ஆரம்பத்தில் நாம போட்ட கணக்கை மறக்காதீங்க.

இன்னொரு கணக்கும் போடலாம். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. சந்தேகத்துக்குரிய 100 குழந்தைகள். உண்மையில் 50 பேருக்கு நோய் இருக்கிறது. டெஸ்ட் அதில் 60 சதவீதத்தைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களைத் தப்பாகச் சொல்லாது. அப்போ 30 பேர் பாசிட்டிவ், 70 பேர் நெகடிவ். அந்த 70 பேரில் 20 குழந்தைகளுக்கு நோய் இருக்கிறது. அதாவது நெகடிவ் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய ஏழு குழந்தைகளில் ரெண்டு பேர் நோயோடு வீட்டுக்குப் போகிறார்கள். மருந்து கொடுக்காமல் விட்டால் இந்த நோய் கிட்டத்தட்ட எல்லோரையும் கொன்றுவிடும். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகடிவ் வந்ததால் மட்டும் நோயை விலக்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான்.

அப்புறம் எப்படித்தான் முடிவெடுப்பது? 2009-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இந்தத் துறை ஆட்கள் கூடி ஒரு மதிப்பெண் முறை போட்டார்கள். மறு வருஷம் அது வெளியானது. ஆராய்ச்சிக்காகப் போட்டதுதான், ஆனால் ஒரு டாக்டரின் மூளை எப்படி எடை போடுகிறது என்பதை அதில் பார்க்கலாம். மொத்தம் 20 மார்க். அறிகுறிகளுக்கு அதிகபட்சம் 6, தண்டுவட நீருக்கு 4, ஸ்கேனுக்கு 6, உடம்பின் வேறு இடத்தில் காசநோய் இருப்பதற்கு 4. ஒவ்வொரு பிரிவும் அதன் உச்சத்தில் வெட்டப்படும். ஒரே சென்சார் கத்தி ஊரைக் கூட்டிவிடக் கூடாது என்று நாம சாச்சுரேஷன் வைப்போமே, அப்படி. ஸ்கேன் இருந்தால் 12-உம், இல்லாவிட்டால் 10-உம் எடுத்தால் ‘பெரும்பாலும் இதுதான்’ என்ற வகை.

அந்தப் பட்டியலில் என்னை யோசிக்க வைத்தது ரெண்டு வரி. அறிகுறி ஐந்து நாளைத் தாண்டியிருந்தால் 4 மார்க். தனியொரு அம்சத்துக்கு அதிலேயே பெரிய மார்க் அதுதான். அதற்கு லேப் எதுவும் வேண்டாம், ‘எந்தக் கிழமையிலிருந்து?’ என்று கேட்டால் போதும். இன்னொன்று, கடந்த ஒரு வருஷத்துக்குள் நுரையீரல் காசநோயாளி ஒருவரோடு நெருங்கிப் பழகியிருந்தால் 2 மார்க். கைக்குழந்தை யாரோடு பழகும்? அதற்கு ஸ்கூல் கிடையாது, பஸ் கிடையாது. யார் மடியில் கிடக்கிறதோ அவர்தான் அதன் உலகம்.

ஆத்தாவைக் கேட்டால் என்ன சொல்வார்? ‘மில்லுல முப்பது வருசம் பஞ்சைத் தின்ன நெஞ்சு கண்ணு, இருமாம என்ன பண்ணும்?’ என்பார். இதுதான் நான் சொன்ன ரெடிமேட் பதில். அது பொய்யும் இல்லை. பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் நிஜமாகவே உண்டு. நூற்பாலை, தறி, பனியன் கம்பெனி என்று இருக்கிற இந்தப் பகுதி முழுக்க இருமலுக்கு அந்தக் காரணம் கைவசம் இருப்பதால், ரெண்டு வாரம் தாண்டிய இருமலைக்கூட யாரும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. கோவாவிலிருந்து வரும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும், மேஜைமேல் அடங்கும், சளியைப் போட்டால் அன்றைக்கே பதில் சொல்லும். பெரியவர்களின் சளியில் கிருமி ஏராளமாக இருப்பதால் பாய்சான் கவலையெல்லாம் அங்கே அவ்வளவாக இல்லை. குழந்தையின் நீரில் தேடித் தேடிக் கிடைக்காத சாட்சி ஆத்தாவின் சளிக் குப்பியில் கிடைக்கலாம். வெளியூரிலிருந்து வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களில், யார் மடி என்ற கேள்விக்கே பதில் நீளமாக இருக்கும்.

குழந்தைக்கே சளி எடுக்க முடியாதா? அது துப்பாது, விழுங்கிவிடும். அதனால் விடியற்காலையில் பால் கொடுப்பதற்கு முன் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பார்கள். விழுங்கிய கிருமி வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்று, இப்போது மலத்தையும் அதே மெஷினில் போட்டுப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கையில் போடுகிற மாண்டூ ஊசி மட்டும், இவ்வளவு சின்ன உடம்பில் நோய் இருந்தும் பேசாமல் இருந்துவிடும்.

அவசரம் ஏன் என்பதற்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து, மூளைக் காசநோய் வந்த குழந்தைகளுக்கு மூன்று விதமான மருந்து முறைகளைக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 1986-இல் வெளிவந்தன. 180 குழந்தைகள். நல்ல மருந்து, நல்ல கவனிப்பு. அப்படியும் 27 சதவீதம் பேர் இறந்தார்கள். 39 சதவீதம் பேர் ஏதோ ஒரு நரம்புக் குறைபாட்டோடு வீட்டுக்குப் போனார்கள். முழுசாகக் குணமானவர்கள் 34 சதவீதம். எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் யார் பிழைத்தார்கள் என்பதோடு பலமாகப் பொருந்தியது. அதனால் சந்தேகம் வலுத்தவுடனேயே, கிருமி தெரிவதற்கு முன்பே, டாக்டர்கள் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நாலு மருந்து, கூடவே வீக்கம் குறைக்க ஸ்டீராய்டு, வழக்கமாக ஒரு வருஷம். அரசு மருத்துவமனையில் காசநோய் மருந்து இலவசம்.

பிறந்தவுடன் இடது கையில் போடுகிற பிசிஜி இதற்காகத்தான். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி 15 வருஷம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஊசி வேஸ்ட் என்று அதை வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. குழந்தைகளின் மூளைக் காசநோய்க்கு எதிராக அது நான்கில் மூன்று பங்கு வரை காப்பதாகப் பிற ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தத் தழும்பு இருந்தாலும் நாலில் ஒரு பங்கு ஓட்டை மிச்சம். அதை அடைக்கத்தான், வீட்டில் யாருக்காவது சளியில் காசநோய் தெரிந்தால், நோயில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ஐசோனியாசிட் மருந்தைத் தடுப்பாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதாவது மூன்று மாதம் முன்பே ஆத்தா சளி கொடுத்திருந்தால், பேரனுக்கு முதுகில் ஊசி தேவைப்பட்டிருக்காமல் போயிருக்கலாம்.

நம்ம கற்பனைக் குழந்தையின் சிபிநாட் நெகடிவ். ஸ்கேனில் அடிப்பகுதியில் படிவு. ஆத்தாவின் ட்ரூநாட் பாசிட்டிவ். அன்று மாலையே மருந்து ஆரம்பம். கல்ச்சர் ரிப்போர்ட் ஆறாவது வாரம் வரும்; அது என்ன சொன்னாலும் சரி, அதற்குள் அந்தக் குழந்தை நாற்பது நாள் மருந்து சாப்பிட்டிருக்கும். ஆத்தாவும், பக்கத்துக் கட்டிலில்.